தலெந்தா சுற்றுலா போன கதை

துனிஸுக்குத் தெற்கே, கடலோர ஸூஸ் நகரத்துக் கோட்டைச் சுவருக்குள்ளே, மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் ஹம்மாமில், அந்த வெந்நீர்க் குளியல் கூடத்தில், தலெந்தாவின் கை படாத முதுகு கிடையாது. மணப்பெண்ணின் முதுகு, மாமியாரின் முதுகு, வங்கி மேலாளர் மனைவியின் முதுகு, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு, ஆவிக்குள் முட்டி போட்டு உட்கார்ந்து, அழுக்கை உருட்டி உருட்டி எடுப்பாள். அந்த நேரத்தில்தான் பெண்கள் வாயைத் திறப்பார்கள். யார் வீட்டில் அடி விழுந்தது, யார் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போனது எல்லாம் வெந்நீரோடு சேர்ந்து வழியும். தலெந்தா கேட்டுக்கொள்வாள். வெளியே ஒரு சொல் விடமாட்டாள். "தலெந்தாகிட்ட சொன்னா கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி" என்று பெண்கள் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ரகசியத்தைத்தான் வெளியே விட்டாள். அது அவள் பெற்ற மகளுடையது.

அவள் புருஷன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவன். கையில் ஒரே பெண், நவ்ரெஸ். ஹம்மாமின் ஓய்வறைப் பாயில்தான் அந்தக் குழந்தை தவழ்ந்தது, பல் முளைத்தது, பாடம் படித்தது. மதியத்தில் கூட்டம் ஓய்ந்ததும் அந்த அறையில் தொலைக்காட்சி ஓடும். அம்மாவும் மகளும் ஒரு தட்டில் கூஸ்கூஸைப் பிசைந்துகொண்டே துருக்கித் தொடர் பார்ப்பார்கள். திரையில் வாயசைப்பவள் துருக்கிக்காரி. காதில் விழும் குரல் சிரியாக்காரியுடையது. எங்கள் ஊர் அரபுப் பேச்சு மீன் கூடையை இழுப்பதுபோல் கரகரவென்று இருக்கும். அந்தச் சிரியாக் குரலோ காய்ச்சல்காரியின் நெற்றியில் வைத்த ஈரத்துணி மாதிரி. தொடரில் யார் அழுதாலும் அந்தக் குரல்தான் தேற்றும். தலெந்தா அந்தக் குரலோடு சேர்ந்து எத்தனையோ மதியங்கள் அழுதிருக்கிறாள்.

நவ்ரெஸ் வளர்ந்து ஜீன்ஸ் தைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாள். ஒருநாள் திடீரென்று, "அஞ்சே நாள்மா, இஸ்தான்புல்லைச் சுத்திப் பாத்துட்டு வந்துடறேன். விசாவே வேணாம்" என்றாள். பிரான்சுக்கு விசா கேட்டுத் தேய்ந்த செருப்புகள் எங்கள் தெருவில் ஏராளம். எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கதவைத் திறந்துவைக்கும் தேசங்கள் கொஞ்சம்தான். அதில் துருக்கி ஒன்று. போனாள். ஐந்து நாள் முடிந்தது. அனுமதித்த மூன்று மாதமும் முடிந்தது. அவள் திரும்பவில்லை.

அங்கே ஒரு தையல் கூடத்தில் வேலை. அங்கேயே செர்கான் என்று ஒருவன். ஓர் இமாமைக் கூப்பிட்டு நிக்காஹ் மட்டும் செய்துகொண்டான். "அரசாங்கத்துல அடுத்த மாசம் பதியலாம்" என்றான். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. அவள் வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவன் தெரியாமல் போனான். காகிதமில்லாமல், புருஷனில்லாமல், தையல் கூடத்துக்கு மேலே ஒரு சிறிய அறையில் நவ்ரெஸ் கிடந்தாள். ஊருக்குத் திரும்பலாம் என்றால், சட்டம் ஒப்பும் புருஷன் ஒருவனும் இல்லாத வயிற்றோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோட்டை வாசலில் நுழைவது? தாய்மாமன் ஹஷ்மி கசாப்புக் கடைக்காரர். கையை ஓங்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் திருப்பினால் தெருவே திருப்பிக்கொள்ளும்.

தலெந்தா தெருவிடம் வேறு கதை சொல்லி வைத்திருந்தாள். மருமகன் ஜவுளிக் கடை முதலாளி, மகளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறான், சொந்த வீடு. ஒவ்வொரு முதுகு தேய்க்கும்போதும் அந்த வீட்டுக்கு ஒரு மாடி ஏறி, கடைசியில் மூன்று மாடியில் நின்றது.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. வலி வந்தா கையைப் பிடிக்கக்கூட இங்க ஆள் இல்ல. நீ வந்துடேன்."

"வரேன் கண்ணு. பறந்து வரேன்."

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. என் பேரை அங்க எவன்கிட்டயும் சொல்லாத. என்கிட்ட காகிதம் இல்ல, பிடிச்சா உள்ள போட்டுடுவாங்க. யார் கேட்டாலும் சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லு. சத்தியம் பண்ணு."

"உன் மேல சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் தலெந்தா. மகள் தலைமேல் கை வைப்பதாக நினைத்துக்கொண்டு தொலைபேசியின் மேல் கையை வைத்தாள்.

மாதா மாதம் காலிப் பெட்டியோடு இஸ்தான்புல் போய், துணிமணியை அடைத்துக்கொண்டு வருகிற பெண்கள் எங்கள் ஊரில் பலர். அவர்களில் பெரிய வாய் மொன்ஜியாவுடையது. தங்கப் பல் வேறு. தலெந்தா அவளிடம்தான் போனாள்.

"இது ஒரு பெரிய விஷயமாக்கா?" என்றாள் மொன்ஜியா. "பாஸ்போர்ட் புதுசா இருக்கா? இருக்கு. திரும்பி வர டிக்கெட்? எடுத்துடலாம். கையில யூரோ? பேங்க்ல மாத்திக்கோ. அப்புறம் தங்கற இடம். ஹோட்டல்ல ரூம் போட்டு ஒரு காகிதம் கையில குடுத்துடறேன். இந்த நாலும் இருந்தா நீதான் சுல்தானா. விசா வேணாம்னா சும்மா இல்லக்கா, வாசல்ல நிக்கறவனுக்கு நீ சுற்றுலாக்காரியாத் தெரியணும். அவ்ளோதான் சூட்சுமம்."

காகிதம் வந்தது. ஹோட்டல் பெயரும் தலெந்தாவின் பெயரும் அச்சில் இருந்தன. அடுத்த நாளே மொன்ஜியா தன் கைப்பேசியில் அந்த அறையை ரத்து செய்துவிட்டாள் என்பது தலெந்தாவுக்குத் தெரியாது. ரத்து செய்யாவிட்டால் மொன்ஜியாவின் அட்டையிலிருந்து பணம் போகும். அவளிடம் காகிதம் வாங்கியவர்களுக்கெல்லாம் இப்படித்தான் செய்திருக்கிறாள். ஒரு வம்பும் வந்ததில்லை.

தலெந்தா பேறு பார்க்கப் போகிறாள் என்று தெருவுக்குத் தெரிந்ததும் கதவு தட்டல் ஓயவில்லை. மகள் பிரசவத்துக்குப் போகும் தாயை எங்கள் தெரு வெறும் பெட்டியோடு அனுப்பாது. எதிர்வீட்டு ஷெத்லியா எள்ளும் பாதாமும் நெய்யும் தேனும் சேர்த்து இடித்த ஜ்ரீரை, மாமியார் காலத்துக் கண்ணாடி ஜாடியில் நிறைத்துக் கொண்டுவந்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பு தருவது அது. ஒருத்தி பிள்ளையை இறுக்கிச் சுற்றும் கச்சைத் துணி நெய்து கொடுத்தாள். இன்னொருத்தி விரல் நீளத்துக்குக் காலுறை பின்னியிருந்தாள். கண்ணேறு படாமல் தொட்டிலில் கட்ட வெள்ளிக் கைத் தாயத்து வந்தது. அண்ணன் ஹஷ்மி பெருநாள் ஆட்டின் உப்புக்கண்டத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "முதல் சூப்புல போடு. மாமன் குடுத்தான்னு சொல்லு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது.

இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகலாமா? எப்படி முடியும்? கூட வருவது மொன்ஜியா. பெட்டி காலியாகப் போனால், "ஏன்க்கா, அங்க கொழந்தை பொறக்கலயா, புருஷன் வீடு இல்லயா?" என்று விமானத்திலேயே ஆரம்பித்துவிடுவாள். மூன்று மாடி வீடும் ஒரே நாளில் சரிந்துவிடும். தலெந்தா எல்லாவற்றையும் அடுக்கினாள். தெருவிடம் சொன்ன பொய்க்குச் சாட்சியாக அடுக்கிய பெட்டி, வாசலில் சொல்லப்போகும் பொய்க்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும் என்று அந்தப் பேதைக்குத் தோன்றவில்லை.

விமானத்தில் மொன்ஜியா பாடம் நடத்தினாள்.

"எதுக்கு வந்த?"

"மகளை..."

"உன் வாயில மண்ணு விழ! சுத்திப் பாக்க வந்தேன். சொல்லு."

"சுத்திப் பாக்க வந்தேன்."

"என்ன பாக்கப் போற?"

"மசூதி. அப்புறம்... கடல்."

"கடலா? ஸூஸ்ல இருக்கறது என்னடியம்மா, சாக்கடையா? கடலைப் பாக்கக் கடலைத் தாண்டி வந்தேன்னா எவன் நம்புவான்? கடைத்தெருன்னு சொல்லு. பொம்பளை கடைத்தெருவுக்கு வந்தான்னா உலகத்துல எவனும் சந்தேகப்பட மாட்டான்."

தலெந்தா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி.

இஸ்தான்புல் விமான நிலைய வரிசையில் மொன்ஜியா முன்னால் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டினான், முத்திரை குத்தினான். அவள் மறுபக்கம் போய் நின்று தலையாட்டினாள். அடுத்தது தலெந்தா.

தினம் வரிசையில் நிற்கும் எங்கள் ஊர்க்காரர்களிடமிருந்தே பொறுக்கிக்கொண்ட உடைந்த அரபியில் அவன் கேட்டான். "எதுக்கு?"

"சுத்திப் பாக்க."

"எங்க தங்கறது?"

காகிதத்தை நீட்டினாள். அவன் படித்தான். அவள் முகத்தைப் பார்த்தான். ஆவியில் ஊறிச் சுருங்கிப்போன அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு தொலைபேசியை எடுத்து அந்த ஹோட்டலைக் கூப்பிட்டான். பேசி முடித்ததும் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.

"இந்தப் பேர்ல ரூம் இல்ல. ரத்து பண்ணியாச்சு."

 தலெந்தா மறுபக்கம் நின்றவளைப் பார்த்து, "மொன்ஜியா! அடியே மொன்ஜியா, வந்து சொல்லுடி!" என்று கத்தினாள்.

அதிகாரி மொன்ஜியாவைத் திரும்பிப் பார்த்தான். "உனக்குத் தெரிஞ்சவங்களா?"

மாதா மாதம் அந்த வாசலில் நுழைந்தாக வேண்டியவள் மொன்ஜியா. அவள் பிழைப்பே அந்த முத்திரைதான். தங்கப் பல் தெரியச் சிரித்தாள்.

"விமானத்துல பக்கத்து சீட்டுங்க. பாவம், வயசானவங்க. வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

சொல்லிவிட்டுத் தன் காலிப் பெட்டிகள் சுற்றும் பட்டையை நோக்கி நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

தலெந்தாவை ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் பெட்டி வந்தது. அதிகாரி மேசைமேல் வைத்துத் திறந்தான். கூடவே இன்னொருத்தனும் வேடிக்கை பார்க்க வந்து நின்றான். கச்சைத் துணி வந்தது. காலுறை வந்தது. அதை ஒருவன் தன் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள்.

அப்போது உள்ளே வந்தாள் மொழிபெயர்ப்புக்காரி. அலெப்போவிலிருந்து அகதியாக வந்தவள், பெயர் ஹாலா. மெல்லிய உடம்பு, வெளிர்நிறத் தலைத்துணி. அவள் வாயைத் திறந்ததும் தலெந்தாவின் உடம்பு சிலிர்த்தது. அதே குரல்! எத்தனையோ மதியங்கள் அவளைத் தேற்றிய அந்தச் சிரியாக் குரல்.

"பயப்படாதீங்க சின்னம்மா. அவர் கேக்கறதை நான் சொல்றேன், நீங்க சொல்றதை அவருக்குச் சொல்றேன். தண்ணி குடிக்கறீங்களா?"

அதிகாரி ஏதோ சொல்லிச் சிரித்தான். ஹாலா உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "சுத்திப் பாக்க வந்தவங்களுக்குக் கொழந்தைக் காலுறை எதுக்குன்னு கேக்கறார். உங்களுக்கா பிரசவம்னு கேக்கறார். மனசுல வெச்சுக்காதீங்க சின்னம்மா, இவங்க பேச்சே இப்படித்தான்."

"தெருக்காரங்க குடுத்தாங்கம்மா. யாருக்காவது... ஏழைக் கொழந்தைக்கு..."

"சின்னம்மா," ஹாலா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலெந்தாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க மக இங்க இருக்கா. நாள் நெருங்கியிருக்கு. அதானே?"

தலெந்தா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பேசிவிட்டது.

"இதுக்கு ஏன் அழறீங்க? சட்டம் ரொம்ப லேசு. விசா இல்லாம வரலாம், ஆனா எங்க தங்கறீங்கன்னு காட்டணும். ஹோட்டல் இல்லன்னா வீடு. வீடுன்னா வீட்டுக்காரங்க வந்து, 'ஆமா, இவங்க எங்க விருந்தாளி'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா இப்பவே அவளோட போயிடலாம். சொல்லலேன்னா சாயங்கால விமானத்துல ஏத்திடுவாங்க. அப்புறம் உங்களால இங்க வரவே முடியாம போயிடும்."

"அவகிட்ட..." என்று ஆரம்பித்தாள் தலெந்தா. வாயை மூடிக்கொண்டாள். சத்தியம் நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது.

"காகிதம் இல்லையா?" ஹாலாவே கேட்டாள். குரல் இன்னும் தாழ்ந்தது. "சின்னம்மா, பிள்ளை பெறப்போறவளை யார் என்ன செய்வாங்க? இந்த ஊர் பஸ்ல கர்ப்பிணி ஏறினா கிழவன்கூட எழுந்து இடம் குடுப்பான். நானும் ஒரு பொண்ணைப் பெத்தவதான். என் அம்மா அப்ப பக்கத்துல இல்ல. அந்த வலி எனக்குத் தெரியும்."

அட பாவி மகளே! மிரட்டியிருந்தால் தலெந்தா வாயைத் திறந்திருக்க மாட்டாள். அடித்திருந்தால் செத்தே போயிருப்பாள், ஒரு சொல் வந்திருக்காது. எத்தனை வீட்டு ரகசியத்தைப் பூட்டி வைத்த நெஞ்சு அது! ஆனால் இந்தக் குரல் கெட்டது செய்து அவள் பார்த்ததே இல்லை. தொடர்களில் இந்தக் குரல் சொன்னபடி நடந்தவர்கள் எல்லோரும் கடைசியில் சேர்ந்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், நன்றாக இருந்தார்கள்.

எண்ணைச் சொன்னாள். ஹாலா தன் கைப்பேசியில் அதை அழுத்தி, அவள் காதில் வைத்தாள். வைக்கும்போதே சொன்னாள்: "போலீஸ்னு சொல்லாதீங்க. வயித்துப் பிள்ளைக்காரி, பயந்துடுவா. வெளிய நிக்கறேன், வழி தெரியல, வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்லுங்க."

"அம்மா! வந்துட்டியா?" நவ்ரெஸின் குரலில் அத்தனை ஆனந்தம்.

"வந்துட்டேன் கண்ணு. வெளிய... வெளிய நிக்கறேன். எனக்கு வழி தெரியல. நீ வந்து கூட்டிட்டுப் போயேன்."

"நகராத, அங்கயே இரு. இதோ வண்டி பிடிச்சு வரேன்."

தலெந்தா காத்திருந்தாள். பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் மறுபடியும் ஒழுங்காக அடுக்கினாள். மகள் வந்ததும் முதலில் எதைக் கொடுப்பது என்று யோசித்தாள். உப்புக்கண்டத்தை அதிகாரி ஏற்கெனவே குப்பையில் போட்டுவிட்டான். வெளியிலிருந்து இறைச்சி கொண்டுவரக் கூடாதாம். போனால் போகட்டும், அண்ணனிடம் சூப்பு வைத்ததாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. "வந்துட்டா" என்றாள் ஹாலா. தலெந்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

நடைவழியில் நவ்ரெஸ் நின்றாள். இரண்டு பக்கமும் இரண்டு பெண் காவலர்கள். பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகாமல், யாரோ ஆம்பிளையின் செருப்பைப் போட்டிருந்தாள். வயிறு இறங்கியிருந்தது. கையில் ஒரு சிறு பூங்கொத்து. அம்மாவுக்கு வாங்கியது.

"வெளிய நிக்கறேன்னு சொன்னியேம்மா?"

தலெந்தா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உன்ன அடிச்சாங்களா?"

"இல்ல கண்ணு."

"மிரட்டினாங்களா?"

"இல்ல... அன்பாத்தான் கேட்டாங்க."

நவ்ரெஸ் அம்மாவையே பார்த்தாள். அழவில்லை. காவலர்களில் ஒருத்தி அவள் முழங்கையைத் தொட்டு, நடக்கலாம் என்று சைகை செய்தாள். வயிற்றைத் தாங்கிப் பிடிக்க அவளுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. பூங்கொத்தைத் தரையில் போட்டுவிட்டு நடந்தாள்.

"நவ்ரெஸ்! என் கண்ணு! நான் வேணும்னு செய்யலடி!" தலெந்தா ஓட முயன்றாள். அதிகாரி குறுக்கே கையை நீட்டினான். அவள் ஹாலாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கர்ப்பிணியை ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு சொன்னியே! நீ சொல்லு அவங்ககிட்ட! உன் வாயால சொல்லு!"

ஹாலா தன் தோளிலிருந்து அந்தக் கைகளை மெதுவாக எடுத்துவிட்டாள். "நான் மொழிபெயர்ப்புக்காரி மட்டும்தான் சின்னம்மா" என்றாள். குரலில் ஒரு சுருதிகூடக் குறையவில்லை. அடுத்த அறையில் மொராக்கோக்காரப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். ஹாலா அங்கே போனாள். சுவரைத் தாண்டித் தலெந்தாவின் காதில் விழுந்தது: "பயப்படாத கண்ணு. சட்டம் ரொம்ப லேசு..."

சாயங்கால விமானத்தில் தலெந்தாவை ஏற்றிவிட்டார்கள்.

அவள் வருவதற்கு முன்பே கதை ஸூஸ் வந்து சேர்ந்திருந்தது. வெளி வாசலில் நவ்ரெஸைக் காவலர்கள் பிடித்ததைப் பார்த்து, விசாரித்துத் தெரிந்துகொண்ட மொன்ஜியா அன்றைக்கே தொலைபேசியில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: புருஷனும் இல்லை, வீடும் இல்லை, பெண்ணைப் போலீஸ் பிடித்தது, பெற்றவளே பிடித்துக் கொடுத்தாள். சொல்லாமல் விட்டது ரத்தான அறையை மட்டும்தான்.

மறுநாள் கதவு தட்டினார்கள். ஆறுதல் சொல்ல வருகிறார்கள் என்று நினைத்துத் தலெந்தா ஓடிப் போய்த் திறந்தாள். ஷெத்லியா நின்றாள்.

"அந்த ஜாடி இருக்காக்கா? மாமியார் ஜாடி. வீட்ல தேடறாங்க."

"ஜ்ரீர் அப்படியே இருக்கு. ஒரு சொட்டுத் தொடல."

"அதையும் குடுத்துடு. என் தங்கச்சி மாசமா இருக்கா. அவளுக்கு ஆகும்." போகும்போது, கேட்கட்டும் என்றே சொன்னாள்: "அவ முறையாக் கட்டிக்கிட்டவ."

அன்று முழுக்க அப்படித்தான். கச்சைத் துணிக்காரி வந்தாள். வெள்ளிக் கைக்காரி வந்தாள். காலுறை பின்னியவள் தான் வராமல் மருமகளை அனுப்பினாள். பேறு பார்க்கப் போகும்போது ஒவ்வொன்றாக வந்தவை, ஒவ்வொன்றாகவே திரும்பிப் போயின. ஹஷ்மி மட்டும் வரவில்லை. கசாப்புக் கடை வழியாகத் தலெந்தா போனபோது, அவர் கொக்கியில் தொங்கிய ஆட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நவ்ரெஸுக்குக் காவலிலேயே வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. யாரோ ஒரு தாதி தொலைபேசியில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிரசவத்தில் அவள் கையைப் பிடிக்க யாராவது இருந்தார்களா என்று கேட்கத் தலெந்தா வாயெடுப்பதற்குள் தொடர்பு அறுந்தது. அந்தக் கேள்வியைப் பிறகு யாரிடமும் அவளால் கேட்கவே முடியவில்லை.

குழந்தைக்குக் கழுத்து நின்ற பிறகு இருவரையும் விமானம் ஏற்றினார்கள். தலெந்தா துனிஸ் விமான நிலையத்தில் விடிந்ததிலிருந்து நின்றாள். காவல்துறைக் கையெழுத்துகளெல்லாம் முடிந்து நவ்ரெஸ் வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, ஒரு துணி மூட்டையும் ஒரு குழந்தையும்.

தலெந்தா கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். விரித்த கைகளுக்குள் நவ்ரெஸ் குழந்தையை வைத்தாள்.

"பிடி."

"என் ராசாத்தி! என் தங்கமே! உங்கம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கியே..."

"பால் பொடி இந்த மூட்டையில இருக்கு. எனக்குப் பால் வத்திப்போச்சு. ராத்திரியில ரெண்டு தடவை எழுந்திருப்பா. தட்டிக் குடுத்தா தூங்கிடுவா."

"சரி கண்ணு, நீ வா முதல்ல. வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு? மூணு மாடி வீட்டுக்கா?"

தலெந்தாவுக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. "என்னைத் திட்டு. எல்லாரும் பாக்கட்டும், ரெண்டு அறை குடு. ஆனா வாடி. தெரு என்ன பேசினாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

"நேரமில்ல. வண்டி கிளம்பிடும்." வாசலில் நின்ற வாடகை வண்டிகளைப் பார்த்தாள் நவ்ரெஸ். ஆள் நிறைந்ததும் புறப்படும் வண்டிகள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊருக்கு. "இவளை உன்கிட்டக் குடுத்துட்டுப் போகத்தான் உன்ன வரச் சொன்னேன். பேறு பாக்கணும்னு ஆசைப்பட்டியே. பாத்துக்கோ."

"நீ? நீ எங்கடி போற? வேலைக்கா? யார்கிட்ட? எந்த ஊருக்குன்னாவது சொல்லிட்டுப் போ. நான் எப்படி உன்னத் தேடுவேன்?"

நவ்ரெஸ் குனிந்து குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தலெந்தா பிழைத்திருப்பாள்.

"சொல்ல மாட்டேன்மா. யாராவது அன்பாக் கேட்டா நீ சொல்லிடுவ."

தலெந்தா பின்னால் ஓடினாள். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அதைச் சமாதானம் செய்ய ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணத்தில் வண்டிகளுக்கு நடுவே மகள் எங்கே ஏறினாள், எந்த வண்டி கிளம்பியது என்று தெரியவில்லை.

இப்போது அந்தப் பேத்தி ஹம்மாமின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடுகிறாள். முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்திருக்கும் பெண்கள் தலையை மட்டும் திருப்பித் தலெந்தாவைக் கேட்பார்கள்.

"இவ அம்மா எங்கக்கா இருக்கா?"

"தெரியாது."

"எங்ககிட்ட என்னக்கா மறைப்பு? நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறோம்? சொல்லுக்கா."

அன்பாகத்தான் கேட்கிறார்கள். தலெந்தா கையுறையை நனைத்துக்கொண்டு தேய்க்கிறாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.